வாசலில் கழற்றிய உயரம்

சேரன்மகாதேவி,
ஞாயிறு காலை.

அன்புத் தம்பி மணிராஜுக்கு,

அக்கா முத்துராணி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத ஆசைதான், பொய் எழுத வரவில்லை. பதினோரு நாளாய் நீ போனை எடுக்கவில்லை. உன்னோடு வேலை பார்க்கும் ஜோஷுவா இன்று ஓசூருக்கு பஸ் ஏறுகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடாமல் படி.

கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தான் நடவுக்கு ஆள் தேடி அலைகிறார். அம்மாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. எனக்கு எதிலும் மனசு நிற்கவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாய் நடந்ததில் நேற்று சோறு அடிப்பிடித்துவிட்டது.

ஜோஷுவா சொன்னதைக் கேட்டதிலிருந்துதான் இப்படி. கால் எலும்பை அறுத்து, கம்பி மாட்டி, கொஞ்சங் கொஞ்சமாய் நீட்டி உயரமாக்குவார்களாமே. பதினெட்டாம் தேதிக்குப் பதிந்துவிட்டாயாமே. ஏலே, நல்லா நடக்கிற காலையா அறுக்கக் கொடுக்கப் போகிறாய்?

எல்லாம் அந்த ஷூவால் வந்தது. அம்பாசமுத்திரத்தில் கலையரசியைப் பெண் பார்க்கப் போனபோது, உள்ளே மேடு வைத்த ஷூவை ஜங்ஷனில் தேடி வாங்கி உன்னைப் போட வைத்தவள் நான். நீ வேண்டாம் வேண்டாம் என்றாய். வீட்டுக்குள் நுழையக் கழற்றித்தானே ஆகவேண்டும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவேயில்லை. நீ படியேறி உள்ளே வந்ததும் பெண்ணின் சித்தி, “வாசல்ல பாத்தது அண்ணனயா? உள்ள தம்பியில்லா வந்துருக்காவ!” என்றாளே. வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ வேறு யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. அன்று சாயங்காலமே ஓசூருக்குக் கிளம்பிவிட்டாய்.

பெண் கருப்பு என்று தரகர் இழுத்தபோது, “நெறத்தயெல்லாம் இந்தக் காலத்துல யாரு பாக்குதா?” என்று அவர் வாயை அடைத்தவளும் நான்தான். ரெண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என் மாமியார் என்னை அரிசி மூட்டை என்றபோது, “எங்க அக்கா உடம்பப் பத்தி இனி ஒரு வார்த்த பேசப்படாது” என்று நீ நடுவீட்டில் நின்று சொன்னாய். உனக்காக நாங்கள் யார் அப்படி நின்றோம்? ஆம்பிளைப் பிள்ளைதானே, கேலியெல்லாம் தாங்குவான் என்று விட்டுவிட்டோம். வெட்கமாக இருக்கிறது தம்பி.

அந்த வீட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டால் போகட்டும். ஆபரேஷன் விஷயத்தை அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் தாங்கமாட்டாள்.

மணி, அந்தத் தேதி வேண்டாம் என்று சொல்லிவிடு. ஊருக்கு வர இஷ்டமில்லையென்றால் வராதே, கல்யாணப் பேச்சையும் நான் எடுக்கவில்லை. போனை மட்டும் எடு. எடுத்து வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டு. நீ திட்டி முடிக்கிறவரை நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், வைக்கவும் மாட்டேன்.

உன் கால் நோகாமல் நீ நூறு வருஷம் நடக்கவேண்டும் என்று வேண்டும்
அக்கா
முத்துராணி