அமலாவுக்கு நான் ஊற்றிய தண்ணீர்

என் மேரியக்காவுக்கு, கிளென்மார்கன் எஸ்டேட் லைன் வீட்டில் நீங்கள் தனியாக விட்டுப்போன ருக்குமணி எழுதுவது.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இந்த வருஷமும் மழை விட்டபாடில்லை. கொழுந்தெடுக்கப் போகும்போது தினமும் உங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகிறேன். அங்கே இப்போது வேறு குடும்பம். கதவு திறந்திருந்தால் விறுவிறுவென்று நடந்துவிடுகிறேன். சாத்தியிருந்தால்தான் நின்று பார்க்கத் தோன்றுகிறது. ஏனக்கா அப்படி?

அமலாவைப் பற்றி ஒரு சேதி சொல்ல வேண்டும். அதற்கு அவள் பிறந்த நாளிலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

மாதம் நிறையாமலே உங்களுக்கு வலி கண்டுவிட்டது. காற்றில் மரம் சாய்ந்து ஊட்டி ரோடு அடைபட்டிருந்தது. உங்கள் வீட்டுக்கார அண்ணன் ஜீப் தேடி ஓடியிருந்தார். வீட்டில் நானும் நீங்களும்தான். பிள்ளை நீலம் பாரித்து வந்தது, அழவே இல்லை. முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலைத் தட்டினேன். மூச்சு வந்து வந்து நின்றது.

“ருக்கு, அடுப்புல வெதுவெதுன்னு தண்ணி இருக்கு பாரு. புள்ளைக்கு ஞானஸ்நானம் குடு,” என்றீர்கள்.

“நானுங்களா? நான் முருகனைக் கும்புடறவ, எப்படிக்கா குடுக்கறது?”

“உசுரு போற நேரத்துல யாரு வேணாலும் குடுக்கலாம் புள்ள. எங்க சாமியாருங்களே அப்படித்தான் சொல்லியிருக்காங்க. கடவுளோட புள்ளையாப் போகட்டும். நெத்தியில ஊத்திக்கிட்டே நான் சொல்றதச் சொல்லு.”

சொன்னேன். ‘அமலா, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்.’ மூன்று தடவை ஊற்றினேன். அதற்குள் நீங்கள் மயங்கிவிட்டீர்கள். அப்புறம் நடந்ததை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும். எத்தனை தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்! தண்ணீர் பட்டதாலோ என்னவோ பிள்ளை சிணுங்கியது, பிறகு வீறிட்டது. ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, “முருகா, விட்டுடாதே,” என்று அழுதேன். பின்னால் நான் அதைச் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். “பயந்தவ தெரிஞ்ச பேரைத்தானே கூப்புடுவா,” என்றீர்கள்.

ரோடு திறந்ததும் உங்கள் கோயில் சாமியார் வந்தார். “என்ன நினைச்சு ஊத்துனீங்கம்மா?” என்று என்னைக் கேட்டார். “அவங்க கோயில்ல எதுக்காக ஊத்துவாங்களோ அதுக்காகத்தானுங்க ஊத்துனேன்,” என்றேன். “அது போதும். ஞானஸ்நானம் ஒரே தடவைதான். மறுபடி நான் குடுக்க முடியாது,” என்றார். எண்ணெய் பூசுவதும் வெள்ளைத் துணி போர்த்துவதும்தான் பாக்கி என்றார்.

ஞானத்தாயாக என்னைத்தான் நிறுத்துவேன் என்று அவரிடம் நீங்கள் மல்லுக்கு நின்றீர்கள்.

“தண்ணி ஊத்த இவ கை ஆச்சு, பக்கத்துல நிக்க ஆகாதுங்களா சாமி?”

“ஞானத்தாய்னா பிள்ளையை விசுவாசத்துல வளர்க்கணும்மா. இவங்களே அந்த விசுவாசத்துல இல்லையே?”

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் குன்னூரிலிருந்து வந்த உங்கள் தங்கை பிள்ளையை ஏந்தி நின்றபோது, வெறுங்கையோடு நிற்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

இப்போது சேதிக்கு வருகிறேன். நீங்கள் போனதிலிருந்து அமலா கோயிலுக்குப் போகாமலே இருந்தாள். ஊட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் பிள்ளை. உங்கள் வலியைக் கடைசிவரை பக்கத்தில் இருந்து பார்த்தவள். “எத்தனை செபமாலை சொன்னாங்க சின்னம்மா? ஒரு நாளாவது வலி கொறைஞ்சுதா?” என்று கேட்டாள்.

உங்கள் வருஷ நினைவுக்கு ஊட்டிக் கோயிலில் பூசைக்கு நான்தான் பேர் கொடுத்தேன். இறந்தவர்களுக்காக வேண்டிக்கொண்டால் அவர்களுக்குப் போய்ச் சேரும் என்று நீங்கள் சொல்வீர்களே. நான் வேண்டினாலும் சேருமா என்று கேட்காமல் விட்டுவிட்டேன். அமலா வரமாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லியிருந்தாள். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பிரசங்கம் முடியும் நேரம் டியூட்டி உடுப்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எல்லாரும் எழுந்து விசுவாச அறிக்கை சொன்னார்கள். இவள் வாயே திறக்கவில்லை. ‘உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்’ என்று எல்லாரும் சொல்லும்போது மட்டும், நீங்கள் சொல்லிக் கொடுத்த பழைய வார்த்தையில் இவள் குரல் தனியாகக் கேட்டது: “சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்.”

நற்கருணை அப்பம் வாங்க அவள் எழுந்து போகவில்லை. வெளியே வந்ததும், “அந்த வார்த்தைக்கு என்ன கண்ணு அர்த்தம்?” என்றேன்.

“செத்தவங்க எழுந்திருப்பாங்க சின்னம்மா. ஆவியா இல்ல, இந்த ஒடம்போட. அம்மா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.” நாலடி முன்னால் நடந்துவிட்டுத் திரும்பினாள். “மத்ததெல்லாம் எனக்குத் தெரியல. இது ஒண்ணு மட்டும் நெசமா இருக்கணும்.”

சொல்லிவிட்டு ரோட்டிலேயே நின்று அழுதாள். உங்கள் அடக்கத்தன்றுகூட அவள் அழவில்லை, அக்கா.

அப்படி எழுந்தால் எந்த உடம்போடு எழுவீர்கள்? நோய் தின்று தீர்த்த கடைசி உடம்போடா? கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் மேட்டில் ஏறுவீர்களே, அந்த உடம்போடா? ஞானஸ்நானம் வாங்காத என்னை உங்கள் பக்கத்தில் விடுவார்களா?

போன ஞாயிற்றுக்கிழமை, “வர்றீங்களா சின்னம்மா?” என்று அவளே போன் செய்தாள். போனோம். இப்போதும் அவள் நற்கருணை வாங்கவில்லை. செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி, பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் வாங்க வேண்டுமாம். கடவுள் மேலேயே கோபமாக இருக்கும்போது அவரிடம் என்ன சொல்வது என்கிறாள். நான் அவசரப்படுத்தவில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். அவள் கூப்பிடும் ஞாயிறெல்லாம் நான் கூடப் போவேன். நானும் நம்புகிறேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. உங்களைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, அது மட்டும் தெரிகிறது. எழுந்து வரும் நாள் ஒன்று உண்டென்றால், முதலில் உங்கள் மகளைக் கூப்பிடுங்கள். அப்புறம் என்னையும் ஒரு குரல் கூப்பிடுங்கள், அக்கா.

உங்கள் கூடப் பிறக்காத தங்கை,
ருக்குமணி