பெயரும் தேதியும் மட்டும்

1999 நவம்பர் 12, வெள்ளி இரவு



வளைகுடாவில் இருப்பவர்கள் ஊருக்குச் சேதி எழுத எங்கள் பிரவுசிங் கடை ஒரு வலைப்பக்கம் நடத்துகிறது; வந்த சேதியை வீட்டார் கடைக்கு வந்து அச்செடுத்து வாங்கிப்போவார்கள். அதன் டேட்டாபேஸ் ஃபைல் போன வாரம் சர்வரில் கெட்டுப்போனது. வேறு பிரதி இல்லை. இன்று அதைக் கடைக் கணினியில் இறக்கி, ரிப்பேர் செய்யும் புரோகிராமை ஓட்டினேன். பெயர்கள் வந்தன, தேதிகள் வந்தன. சேதி இருந்த கட்டங்கள் எல்லாமே காலி.

மாலையில் காயல்பட்டினத்து அக்கா வந்தார். கணவர் சவூதியில், தம்மாமில் மவுத்தாகி இறந்ததிலிருந்து, கணவரை இழந்தவர்கள் நாலு மாதம் பத்து நாள் இருக்கும் இத்தாவில் வீட்டுக்குள்ளேயே இருந்தவர். அது முடிந்து முதன்முதலாக வெளியே வந்தது எங்கள் கடைக்குத்தான். கணவர் கடைசியாக எழுதியதை இன்னும் பார்க்கவில்லையாம். வேறு ஆளை அனுப்பி வாங்க மனம் வரவில்லையாம்.

திரையில் அவர் கணவரின் பெயரைக் காட்டினேன். பக்கத்தில் தேதி மட்டும்; சேதிக் கட்டம் காலி.

"நீங்க படிச்சிருப்பீங்கல்லா தம்பி? என்ன எழுதியிருந்தாஹ, வாயாலயாவது சொல்லுங்க."

"அடுத்தவங்க சேதிய நாங்க படிக்கிறதில்லக்கா" என்றேன். எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொன்னதுதான்.

அக்கா தலையாட்டினார். "நல்ல பழக்கந்தான்" என்றார்.

அந்த ஒரு சேதியை மட்டுமாவது படித்துத் தொலைத்திருக்கலாம்.