வண்டி குடித்த பெட்ரோல்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். கப்பலுக்குத் திரும்புகிற உங்கள் நண்பர் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாராம். அவர் கையில் கொடுத்தனுப்பத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் போதாதா என்று நினைப்பீர்கள். நம் இரண்டு அறை வீட்டில் உங்கள் அப்பா காதில் விழாமல் போனில் எதையும் பேச முடியாது. அதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். உள்ளே மாமாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. நான்கு மணி நேரம் ஆகும். இங்கே நாற்காலிகளை வரிசையாக ஒரே இரும்பில் பிணைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடியில் ஒருவர் காலை ஆட்டினால் இந்தக் கோடியில் என் எழுத்து கோணிக்கொள்கிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரிக்கும்போது உங்கள் சாடை இன்னும் கூடுதலாகத் தெரிகிறது. கண்ணாடிக் கடையில் எனக்கு இப்போது அரை நாள் வேலைதான். வாரத்தில் மூன்று நாள் வராத ஆளை வைத்திருப்பதே பெரிது என்று முதலாளியம்மா சொல்லாமல் சொல்கிறார். பின்வீட்டுக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. இவ்வளவுதான் வீட்டுச் சேதி.

இனி நம் கார் வண்டி விஷயம்.

நான்கைந்து மாதத்துக்கு முன்னால், மைலேஜ் லிட்டருக்குப் பன்னிரண்டுதான் வருகிறது என்று நான் சொன்னதும் நீங்கள் கத்தினீர்கள், நினைவிருக்கிறதா? துணி அலசிக்கொண்டிருந்தேன். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "பெட்ரோலைக் குடிக்குதா, இல்ல குளிக்குதா அந்த வண்டி? ஆக்சிலரேட்டரை மிதிக்கிற உன் கால் கனம்தான் காரணம்"னு சொன்னீர்கள். எனக்கு அது பழகிப்போனதுதான். அதற்குப் பிறகு ஒன்று சொன்னீர்கள். "போக வர வாரத்துக்கு ஆறு தடவை அவ்வளவு தூரம் ஓடினா எந்த வண்டிதான் தாங்கும்?" உங்கள் மனதில் ஒன்றுமில்லை, அலுப்பில் வந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும். ஆனால் மாமா முன்னறையில் கட்டிலில் விழித்துத்தான் படுத்திருந்தார்.

அந்த வாரம் வியாழக்கிழமை நான் குளித்துவிட்டு வந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, மெஷின் ரிப்பேராம், சனிக்கிழமை வந்தால் போதுமாம் என்றார் மாமா. நானும் நம்பிவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நாள் ஓட வேண்டாம் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட. மத்தியானம் படுத்துத் தூங்கினேன். அதற்குப் பிறகு மத்தியானத்தில் நான் படுப்பதே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருக்கு முகம் வீங்கி, கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவரை உட்கார்ந்த வாக்கிலேயே பின்சீட்டில் சாய்த்து, வண்டியை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. வாசலிலேயே ஆக்சிஜன் வைத்தார்கள். மெஷின் ரிப்பேர் சரியாகிவிட்டதா என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மெஷின் எதுவும் ரிப்பேராகவில்லையாம். நேற்று ஏன் வரவில்லை என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மூச்சு சரியானதும் மாமாவிடம் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வாரத்துக்கு ரெண்டு தடவை போதும்மா. என்னைச் சுமந்துதான் அந்த வண்டி இவ்வளவு குடிக்குது. எனக்காக நீங்க ரெண்டு பேரும் சண்டை போட வேணாம்."

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஸ்பீக்கரில் போட்டது நான்தான். ஆனால் அன்றைக்கே முடிவு செய்தேன், பெட்ரோல் எங்கே போகிறது என்று கண்டுபிடித்து அவர் கண்முன்னால் காட்ட வேண்டும் என்று. நீங்கள் என்னை நம்ப வேண்டும் என்பதற்காக அல்ல. அவர் ஒழுங்காக டயாலிசிஸுக்கு வர வேண்டும் என்பதற்காக.

ஒரே பெட்ரோல் பங்க்கில், ஒரே குழாயில், டேங்க் வழிய நிரப்பினேன். மறுபடி நிரப்பும்வரை ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டேன். பன்னிரண்டரைக்கு மேல் வரவில்லை. நம் தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டேன். ஸ்பேனர் என்றுதானே அவரை எல்லோரும் கூப்பிடுகிறார்கள்! அவர் பின்சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்றச் சொன்னார். அரைச்சுற்றுகூட வராமல் நின்றுவிட்டது. "ஹேண்ட்பிரேக்கை யாரோ இப்படி இறுக்கி வச்சிருக்காங்களே. பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இத்தனை நாள் ஓட்டியிருக்கீங்க தங்கச்சி"ன்னார். யார் இறுக்கியது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியும். டயரில் காற்று முக்கால்வாசிதான் இருந்தது. அது என் தப்பு. வண்டியின் கூரைமேல் வைத்த கேரியர் வேறு காற்றைப் பிடித்து இழுக்கிறதாம். அதில் நாம் ஒரு மூட்டைகூட ஏற்றியதில்லை. கழற்றச் சொல்லிவிட்டேன்.

ஆனால் பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தவர் மாமாதான். வரும்போதும் போகும்போதும் அவர் சன்னல் வழியாகக் கிலோமீட்டர் கல்லை எண்ணிக்கொண்டே வருவார். குமட்டலை அடக்க அவருக்கு அது ஒரு வழி. ஒரு நாள், "இருபத்தஞ்சு கல்லு ஆச்சு. உன் மீட்டர் எவ்வளவு காட்டுது?"ன்னு கேட்டார். இருபத்துமூன்று என்றேன். ஏதோ கல்லை இரண்டு தடவை எண்ணியிருப்பீர்கள் என்றேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. அடுத்த மூன்று பயணத்திலும் ஒரு காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். மூன்று தடவையும் அதே இருபத்துமூன்றுதான்.

ஸ்பேனரிடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். வண்டி ஜீப் மாதிரி கம்பீரமாக நிற்க வேண்டும் என்று நீங்கள் கிளம்பும் முன்னால் பெரிய டயர் போட்டீர்களே, அதுதான். சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் போகிற தூரம் கூடுதல். மீட்டருக்கு அது தெரியாது. பழைய கணக்கிலேயே காட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் ஓடிய தூரமே குறைவாகப் பதிவாகியிருக்கிறது. அதற்குமேல், டயரின் கனத்தை இழுக்கவும் பெட்ரோல் செலவு. இவ்வளவு நாளும் என் கால்தான் கனம் என்று நானே நம்பியிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுகூட ஓட்டிப் பார்த்திருக்கிறேன், போங்கள்.

வீட்டுப் பின்பக்கம் சாத்தி வைத்திருந்த பழைய டயர்கள் நல்ல நிலையில்தான் இருந்தன. அவற்றையே மாட்டியாயிற்று. பார்க்கக் குள்ளமாக, பூனை பதுங்கின மாதிரி இருக்கிறது. அடுத்த டேங்கில் லிட்டருக்குப் பதினாறு வந்தது. அதற்கடுத்து பதினேழு. கணக்கை மாமா கையில் கொடுத்துப் போடச் சொன்னேன். இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். "அப்ப நான் இல்ல, டயருதானா?"ன்னு கேட்டுவிட்டுச் சிரித்தார். எத்தனை மாதம் ஆயிற்று அவர் சிரித்து! அதற்குப் பிறகு ஒரு நாளும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று எனக்கு முன்னால் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். வண்டியில் ஏறியதும் முதல் கேள்வி, வண்டி இப்போது எவ்வளவு கொடுக்கிறது என்பதுதான்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன டேங்க் பதினான்கு. இந்த டேங்க் பதின்மூன்றுகூட எட்டாது போலிருக்கிறது. ஸ்பேனர் மறுபடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். வண்டியில் ஒரு குறையும் இல்லை. திரும்பி வரும்போது மாமாவால் முன்போல் தாங்க முடியவில்லை. குலுங்கக் கூடாது என்று இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு வருகிறேன். மயக்கம் வருகிறது என்றால் ஓரமாக நிறுத்தி, ஏசி அணையாமல் இருக்க இஞ்சினை ஓடவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முன்பு ஒரு இடத்தில் நிறுத்துவேன். இப்போது நான்கு, ஐந்து இடம். கல் எண்ணுவதையும் விட்டுவிட்டார். கண்ணை மூடியே வருகிறார்.

டாக்டர் உங்களை ஒருமுறை வந்துவிட்டுப் போகச் சொன்னார். எப்போது என்று கேட்டேன். லீவு எப்போது கிடைக்கும் என்று அவர் என்னையே கேட்டார்.

உங்கள் கேப்டனிடம் கேட்டுப் பாருங்கள். ஒப்பந்தம் முடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். அதுவரை ஒரே ஒரு உதவி. நீங்கள் போன் செய்தால் மாமா வாங்கிப் பேசுவார். வண்டி எவ்வளவு கொடுக்கிறதாம் என்று உங்களிடமும் கேட்பார். நான் பதினெட்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் பதினெட்டு என்றே சொல்லுங்கள். குரல் உடையாமல் சொல்லுங்கள்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்களையே எதிர்பார்த்திருக்கும்,
பாப்பாவின் அம்மா