எழுபத்தைந்தாம் எண் ஜெர்சி

அக்டோபர் 26, ஞாயிறு, காலை ஆறு மணி பத்து நிமிடம். வெள்ளிக்கிழமை நீ இணையத்தில் வர்ணனை செய்த பள்ளிப் பையன்களின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைக் கேட்டவர்கள், திரையில் காட்டியபடி, அறுபத்தொரு பேர். அதில் நான் ஒருவன்.

மொன்டானாவில் படிக்கும் மகள் மாரெனுக்கு அப்பா எழுதுவது. நெப்ராஸ்காவில் நாங்கள் மூவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டு எழுதச் சொன்னாள் அம்மா. போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், அதனால்தான் கடிதம். அவசரத் தபாலில் போடுகிறேன், செவ்வாய்க்கிழமை கிடைத்துவிடும். ஹீட்டர் மறுபடி நின்றுவிட்டது, நானே பிரித்து வைத்திருக்கிறேன். உன் தம்பி நேற்றுக் காலை உணவுக்கு நடுவே, "அக்கா ஏம்ப்பா மைக்ல வேற பையனக் கீழ விழ வெச்சா?" என்று கேட்டான். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதைத்தான் எழுத வந்தேன். முதல் பாதியில் உன் குரலைக் கேட்டு, முப்பத்தெட்டு வயதில் எனக்கு இப்படி ஒரு மகளா என்று பெருமையாக இருந்தது, பக்கத்து வீட்டு டுவேனைக்கூடக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஐம்பத்திரண்டாம் எண் பையன் ரீட் ஹாகென் மூக்கில் அடிபட்டு வெளியே போனான், "சட்டையெல்லாம் தக்காளிச் சாறு, தொவைக்கப் போறாரு" என்று நீ சொன்னாய், டுவேன் சிரித்தான். மூன்றாம் கால்பகுதியில் ஒரு பையன் விழுந்தான், எழவில்லை. அடிபட்டவனுக்காக இரண்டு அணிப் பிள்ளைகளும் முட்டி போட்டுவிட்டார்கள் என்றாய். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று உனக்கு வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், நீயே என்னிடம் சொன்னதுதான். ஆனால் நீ, "எழுபத்தஞ்சு, கேலப் ஆஸ்ட்ரெம், அசைவே இல்ல" என்றாய். இரண்டு முறை சொன்னாய்.

கேலப் அன்றைக்கு ஆடவே இல்லை. கணுக்கால் சுளுக்கி, ஜீன்ஸோடு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். ரத்தம் பட்ட சட்டையோடு ஆட விடமாட்டார்கள் என்பதால், பயிற்சியாளர் கேலப்பின் ஜெர்சியை எடுத்து ரீட்டுக்குப் போட்டு உள்ளே அனுப்பியிருக்கிறார். நீ களத்தில் ஆளைப் பார்க்காமல், எண்ணுக்கு நேரே பெயர் போட்ட தாளைப் பார்த்தாய். முதியோர் இல்லத்துச் சமையலறையில் காதில் உன் ஒலிபரப்போடு வேலை செய்துகொண்டிருந்த கேலப்பின் அம்மா லோர்னா, அடுப்பைக்கூட அணைக்காமல் காரை எடுத்துவிட்டார். கேலப் நீ இருந்த வர்ணனை அறைக்கே மாடியேறி வந்து, "நான் இங்க கல்லு மாதிரி நிக்கிறேன், எங்கம்மா போன எடுக்க மாட்டேங்குறாங்க, என்னத்தச் சொல்லித் தொலச்சீங்க?" என்று கேட்டானாமே. அதற்குள் மான் குறுக்கே வந்து லோர்னாவின் கார் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மணிக்கட்டு உடைந்ததோடு போயிற்று.

இதையெல்லாம் நீ சொன்னாய். நீ சொல்லாத ஒன்றை நான் திரையில் பார்த்தேன். உன் ஒலிபரப்புக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "பாவம் லோர்னா. கேலப்புக்காக ஜெபம் பண்றேன்." எழுதியது டெஸ் ஹாகென். ரீட்டின் அம்மா. தன் பிள்ளை தோள் எலும்பு முறிந்து தரையில் கிடக்க, அவர் வீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டிருந்தார். நம் பிள்ளை இல்லை என்று மனதுக்குள் நிம்மதிப்பட்டும் இருப்பார், யார்தான் பட மாட்டார்கள். உண்மை தெரிந்ததும் அவர் என்ன ஆனார் என்று யோசித்தாயா? நான் வெள்ளியிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன்.

பக்கத்தில் இருந்து எண்களைப் பார்த்துச் சொல்ல வேண்டிய டோபின், சாப்பிட ஹாட் டாக் வாங்கப் போயிருந்தான் என்கிறாய். போகட்டும். மைக் யார் கையில் இருந்தது? என் மின்சார வேலையில், சுவிட்சில் 'அணைத்தாயிற்று' என்று யார் எழுதி வைத்திருந்தாலும், மீட்டரை வைத்துப் பார்க்காமல் நான் கம்பியைத் தொடுவதில்லை. ஐம்பத்திரண்டு வெளியே போனதைப் பார்த்தவள், திரும்பி வந்தானா, எதைப் போட்டுக்கொண்டு வந்தான் என்று கேட்டிருக்க வேண்டும். பரவாயில்லை விடு என்று அம்மா சொல்வாள். நான் சொல்ல மாட்டேன்.

ஆனால், "இனி மைக்கத் தொடவே மாட்டேன்ப்பா, வேற படிப்புக்கு மாறிக்கிறேன்" என்றாயே, அது அதைவிட அதிர்ச்சி. உன் ஆசிரியர் க்ரெக் புதன்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார், அடுத்த வெள்ளி நாக்கவுட் ஆட்டத்துக்கு அந்த வர்ணனை நாற்காலி இன்னும் உனக்குத்தான். நீ மறுத்தால் அது அந்தத் தாய்மார்களுக்கு என்ன நல்லது செய்யும்? ஒன்றும் செய்யாது. நீ ஒளிந்துகொள்ள மட்டும்தான் உதவும். முதலில் லோர்னா வீட்டுக்குப் போ, அப்புறம் டெஸ் வீட்டுக்கு. பூங்கொத்து வேண்டாம், விளக்கம் வேண்டாம். திட்டினால் நின்று கேள். பிறகு க்ரெக்குக்குப் பதில் சொல்.

குளிருக்குக் கையுறை போட்டுக்கொள். கடவுள் உன் நாக்குக்கு நிதானம் கொடுக்கட்டும், நீ நன்றாக இருப்பாய். நான் செய்யப்போவது:

1. திங்கள்: மேலாளரிடம் இரண்டு நாள் விடுப்பு. தராவிட்டாலும் கிளம்புவேன்.
2. வியாழன்: மொன்டானாவுக்கு ஒன்பது மணி நேரம் வண்டி ஓட்டுவேன். அந்த இரண்டு வீடுகளுக்கும் நீ அதற்குள் போகாமல் இருந்தால் கூட்டிப்போய் வாசலில் இறக்கிவிடுவேன். உள்ளே நீ தனியாகத்தான் போக வேண்டும்.
3. வெள்ளி, ஏழு மணி: பார்வையாளர் வரிசையில், காதில் உன் ஒலிபரப்போடு உட்கார்ந்திருப்பேன். யாராவது விழுந்தால், உன் பக்கமிருந்து ஒரு சத்தமும் வராததை நான் கேட்க வேண்டும்.

உன் அப்பா,
டெரெக் வோகல்