கொடிக்கம்பத்தில் ஒரு கேமரா

ஜூன் 3, செவ்வாய்

வானம் மூடியே இருக்கிறது, மழை இல்லை. விடியும் முன்பே பாலக்கோடு மண்டியில் லோடு. தக்காளி, சேலத்துக்கு. டீ மட்டும்.

சேலத்தில் இறக்கும்போது போனில் அபராதச் சலான். அதிவேகமாம். போட்டோவும் கூடவே. நம்பர் பிளேட், ஜன்னலுக்கு வெளியே என் முழங்கை, எல்லாம் பளிச். என் கல்யாணத்தில்கூட இவ்வளவு தெளிவாக யாரும் எடுக்கவில்லை.

லேட்டானால் மண்டிக்காரன் திட்டுகிறான். சீக்கிரம் போனால் கேமரா பிடிக்கிறது. நடுவில் நான் எங்கே போவது?

வாங்க வேண்டியது: வைப்பர், வீட்டுக்காரி மல்லிக்கு முட்டி வலி தைலம்.

ஜூன் 4, புதன்

புழுக்கம். தூக்கம் போதவில்லை.

டிரைவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அன்வர் பாயின் குரல். தருமபுரிக்காரர், லாரி ஓட்டுகிறார். எங்கே கேமரா, எங்கே போலீஸ் ஜீப் என்று முதலில் சொல்வது அவர்தான். "தம்பிங்களா, மாம்பழக்கூழ் கம்பெனிக்கு எதுர்ல புதுசா கேமரா. கொடிக்கம்பத்துல மாட்டி வச்சிருக்கானுங்க. நாப்பதுலயே உருட்டுங்க."

அது எங்கள் ஊர். வாசலிலேயே வைத்துவிட்டார்கள். எரிச்சல்.

சாயங்காலம் நானும் பார்த்தேன். கொடி இல்லாத பழைய கம்பம், உச்சியில் வெள்ளையாக ஒன்று. எதிரில் வந்த டெம்போவுக்கு லைட் அடித்துக் காட்டினேன். அவனும் பதிலுக்கு அடித்தான். எங்கள் வணக்கம் அதுதான்.

ஜூன் 5, வியாழன்

சாப்பிடும்போது கேமராவைத் திட்டினேன். ரசத்தை ஊற்றிவிட்டு மல்லி நின்றாள். சிரிப்பை அடக்குகிற முகம்.

"அது நாங்க கட்டுனதுங்க."

"எது?"

"அந்தக் கேமராதான். கம்பெனில இடி விழுந்து செத்துப்போன கேமரா. குப்பையில கெடந்துச்சு. சின்னப்பொண்ணு அக்கா வூட்டுக்காரரு ஏறிக் கட்டுனாரு."

சின்னப்பொண்ணு, மல்லியோடு கூழ் கம்பெனியில் மாங்காய் வெட்டுகிறவள். போன மாசம் ரோட்டைக் கடக்கும்போது கார் அடித்துக் கால் போனது. கார் நிற்கவே இல்லை. வேகத்தடை கேட்டு மனு கொடுத்தார்கள். ஹைவேயில் போட மாட்டார்களாம்.

"ரெண்டு நாளா வண்டிங்க நிதானமா வருதுங்க. இன்னிக்கு ஓடாம நடந்து வந்தேன்." கொஞ்சம் கழித்து, "ஒங்க குரூப்புல சொல்லிப்புடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். இத்தனை வருஷமாக இவள் அந்த ரோட்டை ஓடித்தான் கடந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

ஜூன் 7, சனி

இடுப்பு வலி. தக்காளி விலை விழுந்து கிடக்கிறது, மண்டியில் யார் முகத்திலும் களை இல்லை.

குரூப்பில் ஓசூர் பையன் ஒருவன்: "அண்ணே, அந்தக் கொடிக்கம்பக் கேமரா ஒரிஜினலா? ஒயரே காணோமே. அந்த ஊர்க்காரங்க யாராச்சும் சொல்லுங்கண்ணே."

அந்த ஊர்க்காரன் நான் ஒருத்தன்தான். அன்வர் பாயும் என் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டார்.

இந்தக் குரூப்பில் நான் பொய் சொன்னதில்லை. தொப்பூர் இறக்கத்தில் என் பிரேக் போனபோது ஓடி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தவர்கள் இவர்கள். வண்டியை ஓரங்கட்டிப் பேசினேன், அழித்தேன். மறுபடி பேசினேன், அழித்தேன்.

கடைசியில்: "ஒரிஜினல்தாங்க பாய். எனக்கே சலான் வந்திருச்சு." செவ்வாய்க்கிழமை சலானை, இடத்தின் பெயர் தெரியாமல் வெட்டி, போட்டோவோடு போட்டேன்.

"அடப்பாவமே" என்று வரிசையாக. ஒருத்தர் அழுகிற பொம்மை போட்டிருந்தார். வெட்கமாக இருந்தது. ஆனால் மனசு லேசாகவும் இருந்தது.

தைலம் மறந்துவிட்டேன். திரும்பவும்.

ஜூன் 10, செவ்வாய்

தூறல். காலி வண்டியில் திரும்பினேன். வீடு போய்ப் படுத்தால் போதும் என்று இருந்தது. தைலம் வாங்கியாயிற்று.

ஊர் நெருங்கும்போது எதிரில் ஒரு லாரி லைட் அடித்தது. கேமரா இருக்கிறதாம். எனக்கா சொல்கிறாய் என்று சிரிப்பு வந்தது. செத்த கேமரா. கால் ஆக்சிலேட்டரை அழுத்தியபடியே இருந்தது.

கூழ் கம்பெனி விட்டிருக்கிறது. ரோட்டோரம் பெண்கள், டிபன் தூக்கோடு, முன்னால் மல்லி. எனக்கு முன்னே போன பஸ் வேகம் குறைத்தது. அதன் பின்னால் வந்த காரும் குறைத்தது. கார் தாண்டியதும் பெண்கள் பேசிக்கொண்டே ரோட்டில் கால் வைத்தார்கள்.

அப்போதுதான் மல்லி திரும்பி என் வண்டியைப் பார்த்தாள். சட்டென்று இரண்டு கையையும் விரித்து எல்லோரையும் பின்னுக்குத் தள்ளினாள்.

அந்த ரோட்டில் வருகிற டிரைவர்களில் அந்தக் கேமராவின் கதை தெரிந்தவன் நான் ஒருவன்தான். அது அவளுக்குத் தெரியும்.

பிரேக்கை மிதித்தேன். வண்டி முழுசாக நின்ற பிறகுதான் கையை இறக்கினாள்.