பேரீச்சம்பழத்துக்குப் போன மட்கார்டு

விழுப்புரம்
14-8-1984

அன்பு மகன் துரைக்கண்ணுவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம், திண்டிவனத்தில் உன் தங்கை ராஜாமணிக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது, அந்தப் பம்பாய் மழையில் உனக்கு ஒன்றும் வராமல் திருவாமாத்தூர் ஈஸ்வரன் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பழைய மட்கார்டு தேடி இனி நீ ஒரு கடையும் ஏறி இறங்க வேண்டாம். போன கடிதத்தை அழுதுகொண்டே எழுதினேன், ஆஸ்டின் கார், வலது பக்கம், முன் மட்கார்டு என்பதைத் தவிர உனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. இப்போது நிதானமாக எழுதுகிறேன், சிரிக்காமல் படி.

கிளியனூர் வக்கீல் சக்கரபாணி தன் மாமனார் ஓட்டிய ஆஸ்டின் காரைப் புதுசாக்கித் தரச் சொல்லி அப்பாவின் பட்டறையில் விட்டிருந்தார். அதில் வலது பக்கத்து முன் மட்கார்டு துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது. ஐம்பது வருஷத்து வண்டிக்கு மட்கார்டு எந்தக் கடையில் கிடைக்கும்? பழையதை மாதிரிக்கு வைத்துக்கொண்டு, புதுத் தகட்டை மணல் மூட்டைமேல் போட்டுச் சுத்தியால் தட்டித் தட்டியே அந்த வளைவைக் கொண்டுவந்துவிடுவதாக அப்பா ஏற்றுக்கொண்டார். பட்டறையில் மிதிபடும் என்று பழையதை வீட்டுக்குப் பின்னால் சாத்தி வைத்த மனுஷர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவன் சைக்கிளில் வந்தான், கோழி அடைந்துகொண்டிருந்த அந்தக் குப்பையை எடுத்து நீட்டிவிட்டேன். அரை கிலோ பழம் கொடுத்தான், நல்ல வியாபாரம் என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் அப்பா தேடினார். அவர் முகத்தைப் பார்த்ததும் பயந்துபோய், நான் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு பொய் என்னைப் படுத்திய பாடு! பதினைந்து வருஷமாக அப்பாவோடு வேலை செய்கிற கண்ணையன் மேல் பழி திரும்பிவிட்டது. நாளைக்கே எல்லாரும் திருவாமாத்தூர் போவலாம், வட்டப்பாறையில கைய வச்சி எடுக்கலன்னு சொல்லட்டும் என்று அப்பா கத்தினார். வர்றேண்ணே, இப்பவே வேணும்னாலும் வர்றேன் என்று கண்ணையன் கண் கலங்கி நின்றான். அந்தக் கோயில் பாறையில் பொய்ச் சத்தியம் செய்தவர்கள் கதியெல்லாம் உனக்குத் தெரியும், ஆனால் அந்தப் பயத்தைவிட அவன் நின்ற கோலத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பேரீச்சம்பழத்தை எடுத்துவந்து இரண்டு பேர் முன்னாலும் வைத்து, நான்தான் போட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரும்புக்காரனைத் தேடிக் கோலியனூர் வரை சைக்கிள் மிதித்ததும் அந்தக் கண்ணையன்தான், அதற்குள் எல்லாம் லாரி ஏறிவிட்டதாம். அப்பா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். எட்டு நாள். சோறு வேண்டுமென்றால் தட்டைத் தட்டுவார். அப்போதுதான் உனக்கு எழுதினேன்.

நல்லதாக இருந்த இடது மட்கார்டைப் பார்த்து அட்டையில் வெட்டி, அதைத் திருப்பிப் போட்டுத்தான் அப்பா வலது பக்கத்தைத் தட்டினார். வெள்ளிக்கிழமை மாட்டிவிட்டு, காருக்கு முன்னால் நின்று கைகளை விரித்து இரண்டையும் ஒரே நேரத்தில் தடவிப் பார்த்தார். கண்ணுக்குத் தப்புகிற மேடு கைக்குத் தப்பாது என்பாரே. ஆனால் காய்ப்பேறிய கை, அவருக்கும் தெரியவில்லை, கண்ணையனுக்கும் தெரியவில்லை. இங்க வா, உள்ளங்கையில துணியப் போட்டுக்கினு தடவிப் பாரு, எங்க கை மரத்துப்போச்சி என்று என்னைக் கூப்பிட்டார். எட்டு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு அதுதான். வலது பக்கம் விளக்கை ஒட்டி நாலு விரல் அகலத்துக்கு லேசாகத் தூக்கியிருந்தது, சொன்னேன். தட்டினார், திரும்பவும் தடவினேன். ஐந்தாவது தடவை இரண்டு கையும் ஒன்றுபோல இறங்கின, அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று வக்கீல் வந்தார். பார்த்து மகிழ்ந்துபோய், அந்தப் பழசைக் கொடுங்கள், மாமனார் ஞாபகமாக வைத்துக்கொள்கிறேன் என்றாரே பார்க்கலாம். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு உயிரே போய்விட்டது. வட்டப்பாறைக்கு எல்லாரையும் கூப்பிட்ட உன் அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, நான்தாங்க குப்பைன்னு நெனச்சி இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேன், மன்னிச்சிடுங்க என்றார். ஆமாங்க, நானும் பக்கத்துலதான் இருந்தேன் என்றான் கண்ணையன்! வக்கீல் புது மட்கார்டை ஒருமுறை தடவிப் பார்த்தார், பிறகு, போகட்டும், இது அதைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துப் போனார். கட்டிக்கொண்டு வந்த இருபத்தெட்டு வருஷத்தில் உன் அப்பா என்னிடம் ஆசையாக ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை, நேற்று அந்தப் பொய்யில்தான் கேட்டேன். உள்ளே போய் அழுதுவிட்டு வந்து இரண்டு பேருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் துணியோடு நிற்காதே. நீ தோலை உடைத்துக் கொறிக்க வறுத்த மல்லாட்டை இரண்டு படி எடுத்து வைத்திருக்கிறேன். நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். ஒருவேளை எங்கேயாவது மட்கார்டு வாங்கித் தொலைத்துவிட்டாய் என்றால் பார்சலில் போடாதே, லீவு கேட்டு நீயே தூக்கிக்கொண்டு வா. வாங்கவில்லை என்றாலும் வா.

உன் அம்மா,
தையல்நாயகி