மொட்டைமாடியில் எடுத்த மூன்று படங்கள்

இராஜபாளையம்,
ஆடி 29

அன்பு மகள் யோகேஸ்வரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க மாரியம்மன் துணை இருக்கட்டும். உடம்புக்குத்தான் குறை இல்லை என்று எழுதினேன், மனசைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. கையிலேயே போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு முகம் இல்லை தாயி, அதுதான் காரணம். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டிட வேலையைத் தினம் படம் எடுத்துப் பதிகிற உங்கள் கம்பெனி ஆப்பில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு உன் அப்பனிடம்தான்.

ஆனி மாசம் நீ அந்த ஆப்பில் புதிதாக வந்திருக்கிறதையெல்லாம் தமிழில் எழுதி அனுப்பினாயே, வீடு கட்டுகிறவர்களுக்கு எவ்வளவு உபயோகம் என்று படித்துப் பார்த்துச் சொல்லுங்கப்பா, ஆபீசில் உங்க பேரைச் சொல்லித்தான் சொல்லப்போறேன் என்று. படித்துவிட்டேன், பிரமாதம் என்று பதில் போட்டேன். படிக்கவே இல்லை. கட்டைவிரலால் கடைசி வரைக்கும் தள்ளிப் பார்த்தேன், அவ்வளவுதான். முப்பது வருஷமாகக் கட்டிடம் கட்டுகிறவனுக்கு இதில் படிக்க என்ன இருக்கிறது என்ற திமிர். அதற்கு முன்னால் அந்த ஆப்பை நான் எப்படி வைத்திருந்தேன் என்பதும் உனக்குத் தெரியாது. காலையில் டீக்கடையில் உட்கார்ந்து அன்றைய வேலைக்கெல்லாம் மொத்தமாக டிக் அடித்துவிடுவேன். பழைய படம் ஏதாவது ஒன்றைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. புது ஆப் வந்த பொறவு பழைய படத்தைச் சேர்க்க விடமாட்டேன் என்கிறது, அப்போதைக்கு அப்போது எடுத்தால்தான் வாங்கிக்கொள்கிறது. எரிச்சலாக இருந்ததே தவிர, ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆனந்தவல்லி அம்மாவுக்கு வீடு கட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஆடியில் தளம் போடவேண்டாம் என்று ஊரே சொல்லியும், ஆடியோ ஆவணியோ கம்பிக்கும் சிமெண்டுக்கும் தெரியவா போகுது, போடுங்க என்று சொல்லிவிட்டார்கள். ஆடி ஆறாம் தேதி போட்டோம். தளமும் நல்ல தளம்தான், சந்தனம் கொத்தனார் கை வைத்து எது கெட்டுப் போயிருக்கிறது. அந்த அம்மா அவர்கள் அக்காவுக்கு ஆபரேஷன் என்று வ. புதுப்பட்டியில் போய்த் தங்கியிருந்ததால், தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிறதா என்று தினம் சாயங்காலம் போனில்தான் பார்த்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் இன்னும் போர் போடவில்லை, டேங்கர் தண்ணிதான். ஆடிப்பூரத் தேருக்காக மூன்று நாள் அந்தப் பக்கத் தெருவெல்லாம் அடைத்துவிட்டார்கள், லாரி உள்ளே வர வழி இல்லை. சந்தனம் முந்தின நாளே சொன்னார். ரெண்டு தெரு தள்ளி லாரியை நிப்பாட்டுவோம்ணே, பேரல்ல பிடிச்சு தள்ளுவண்டியில கொண்டாந்து ஊத்திருதேன், ஆடிக் காத்து அம்புட்டுத் தண்ணியையும் உறிஞ்சிரும், விட்டா தளம் வெடிச்சிரும் என்று. எனக்குச் சேத்தூரில் இன்னொரு வேலை ஓடிக்கொண்டிருந்தது, ஆட்களை அங்கே கூட்டிப்போக வேண்டும். மூணு நாள்ல ஒண்ணும் ஆயிராது, தேர் முடியட்டும்வே என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

தெரு அடைத்த முதல் நாள் மத்தியானம் போன் கிணிங் என்றது. தளத்துக்குத் தண்ணீர் ஊற்றியாச்சா, படம் எடுங்கள் என்று. எடுக்காவிட்டால் அந்தக் கட்டம் சிவப்பாகி அந்த அம்மாவுக்கும் சிவப்பாகத் தெரியும். காசிராஜன் வேலையில் சிவப்பு விழுவதா என்று எனக்குப் பொறுக்கவில்லை. என்ன செய்தேன் தெரியுமா, எழுதவே கை கூசுகிறது. நம் வீட்டு மொட்டைமாடிக்குப் போய், மிச்சம் கிடந்த மணலில் ரெண்டு பாத்தி கட்டி, நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் படம் எடுத்து அனுப்பினேன். உன் அம்மா வத்தல் போட மேலே வந்தவள், நல்ல மாடியில என்னத்துக்கு வயலுக்குப் பாச்சுற மாதிரி தண்ணியைக் கட்டி வச்சிருக்கீக என்று கேட்டாள். எங்கேயோ ஒழுகுது, பாக்கேன் என்று அவளிடமும் ஒரு பொய். மறுநாளும் அதே மாடி, அதே குடம். மூன்றாம் நாள் எனக்கு மூளை அதிகமாகிவிட்டது. மூன்று படமும் ஒரே மாதிரி இருந்தால் போலீஸ்கார அம்மாவுக்குச் சந்தேகம் வருமே என்று, கைப்பிடிச் சுவர் தெரிகிற மாதிரி கோணத்தை மாற்றி எடுத்தேன்.

படத்துக்குக் கீழே எடுத்த இடத்தையும் நேரத்தையும் ஆப் தானாகவே எழுதும் என்று நீ அனுப்பியதில் மூன்றாவதாக எழுதியிருந்தாய். நான் எங்கே படித்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஆனந்தவல்லி அம்மா போன் செய்து, காசிராஜன், தளம் போட்டது ஸ்ரீவில்லிபுத்தூர்ல, தண்ணி நிக்கிறது ராஜபாளையத்துலன்னு போட்டிருக்கே, எப்படி என்று கேட்டார்கள். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. அது ஆஸ்திரேலியாக்காரன் செஞ்சதும்மா, அங்க இருந்து பாக்கிறவனுக்கு ராஜபாளையமும் ஒண்ணுதான் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஒண்ணுதான், புதுசா விட்டதுல கோளாறு, எம் மக அந்தக் கம்பெனியிலதான் இருக்கா, சரி பண்ணச் சொல்லுதேன் என்று கூசாமல் சொன்னேன். உன் பேரை இழுத்தேன் பார், அது பெரிய பாவம். மறுநாள் தெரு திறந்ததும் அந்த அம்மா நேரே வந்து நின்று, சந்தனம், தளத்துல தண்ணி நின்னுச்சா என்று கேட்டார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்னுச்சும்மா என்றார். இருபத்திரண்டு வருஷம் என்னோடு இருக்கிற மனுஷன், ஒரு செங்கலைக்கூடக் கோணலாக வைக்காதவர், அவரையும் எனக்காகப் பொய் சொல்ல வைத்தேன்.

அதோடு விட்டேனா, சொன்ன பொய்யை நிலைநிறுத்த வேண்டுமே, உனக்குப் போன் போட்டுக் கத்தினேன். ஊர் பேர்கூடச் சரியாகத் தெரியாத ஆப்பை வைத்து மானத்தை வாங்குகிறீர்களா என்று. நீ பதறிப்போய் அப்பா தப்பாச் சொல்லமாட்டாங்க என்று உன் ஆபீசில் சண்டை போட்டிருக்கிறாய். அந்த இடம் காட்டுகிற வசதியையே எல்லோருக்கும் நிறுத்தி வைத்தார்கள் என்றாய். உன்னோடு வேலை பார்க்கும் அந்த பிலிப்பைன்ஸ் பையன் ரெண்டு நாள் லீவிலும் உட்கார்ந்து தேடினான், ஒன்றும் அகப்படவில்லை, படத்தை அனுப்புங்கப்பா, நானே பார்க்கிறேன் என்றாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்காமல் மூன்று படத்தையும் அனுப்பினேன். செத்த நேரம் கழித்து நீ போன் செய்து, சரிப்பா, நான் பார்த்துக்கிறேன், சாப்பிட்டீங்களா என்று கேட்டு வைத்துவிட்டாய். அதன் பிறகு பத்து நாளாக அம்மாவிடம்தான் பேசுகிறாய். உனக்கு வேலை அதிகம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நடுவில் தளத்தில் விரிசல் கண்டது. தலைமுடி கனம்தான், ஆனாலும் நாலு இடத்தில். சந்தனம் விரலால் தடவிக் காட்டினார். நேற்று சாயங்காலம் மாடியில் காய்ந்த வத்தலை அள்ளித்தரச் சொன்னாள் உன் அம்மா. குனிந்து நிமிர்ந்தால் எதிரே கைப்பிடிச் சுவர். பிளஸ் டூ பரீட்சை நம்பர் மறந்துவிடக் கூடாது என்று வாசல் கேட்டுக்கு அடித்த மிச்ச நீலப் பெயிண்டில் பெரிது பெரிதாக நீ எழுதி வைத்த நம்பர். அதற்கப்புறம் ரெண்டு தடவை வெள்ளையடித்தும் அதை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொன்னவன் நான்தான். போனை எடுத்து மூன்றாம் நாள் படத்தைப் பார்த்தேன். தண்ணீருக்குப் பின்னால், ஓரத்தில், கடைசி நாலு இலக்கமும் பளிச்சென்று இருக்கிறது. ஆக, பத்து நாளைக்கு முன்னாலேயே உனக்குத் தெரியும். தெரிந்துதான் சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கிறாய். அங்கேயே வத்தல் துணியில் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா மேலே வந்து என்னவென்று கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. எம் பிள்ளை ஒத்தையில இதைச் சுமந்துக்கிட்டு இருந்திருக்காளே என்று அழுதாள்.

இன்று காலை முதல் வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய், சந்தனத்தையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஆனந்தவல்லி அம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஸ்டேஷன்ல எத்தனையோ பொய் கேட்டிருக்கேன், மொட்டைமாடியில நாத்துப் பாவின பொய்யை இப்பத்தான் கேக்கேன் என்றார்கள். அப்புறம் சிரிப்பு இல்லாமல், தளம் வெடிச்சதை ஒட்டிரலாம், சந்தனம் மொகத்தை என்ன செய்வீரு என்று கேட்டார்கள். மதுரையில் இருந்து ஒரு இன்ஜினியரை அவர்களே கூட்டிவந்து தளத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், அவர் என்ன சொல்கிறாரோ அதை என் செலவில் செய்து கொடுப்பேன், உடைக்கச் சொன்னாலும் உடைப்பேன். பிறகு அந்த ஆப்பில் பதிவை அழிக்க முடியாது, கீழே திருத்தம் எழுதலாம் என்று நீ எழுதியிருந்தாயே, இப்போதுதான் முழுசாகப் படித்தேன். மூன்று படத்துக்கும் கீழே ஒற்றை விரலால் தட்டித் தட்டி, இது என் வீட்டு மாடி, இடம் சரியாகத்தான் காட்டியிருக்கிறது, தளத்துக்கு மூன்று நாள் தண்ணீர் விடவில்லை, சந்தனம் கொத்தனார் பேரில் தப்பு இல்லை, இப்படிக்குக் காசிராஜன் என்று எழுதிவிட்டேன். நீ கேட்ட அபிப்பிராயமும் அதுதான். நல்லபடியாகச் செய்திருக்கிறீர்கள். அழிக்கிற வசதி மட்டும் எந்தக் காலத்திலும் வைத்துவிடாதீர்கள், என்னைப் போன்ற ஆட்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

இந்தக் கடிதத்தை உன் ஆபீசில் மொழிபெயர்த்துக் காட்டு. அப்பனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று மறைக்காதே, உன் வேலையும் பேரும்தான் எனக்குப் பெரிது. நிறுத்தியதை மறுபடி விடச் சொல். அந்தப் பையனிடம் ரெண்டு நாள் லீவைத் திருப்பித் தர முடியாத ஒரு கிழவன் மன்னிப்புக் கேட்டான் என்று சொல். பனியில் வெறுங்காலோடு நிற்காதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அம்மா வத்தல் கட்டி வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்து விடுவாள். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுசோடு, நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து வாழ வேண்டும். அடுத்து நீ போன் செய்யும்போது சாப்பிட்டீங்களா என்று கேட்காதே தாயி, முதலில் என்னைத் திட்டு, அதற்குப் பிறகு கேள்.

தபாலில் போட்டால் எப்போது வருமோ என்று, இந்தப் பக்கங்களை மாடிக்குக் கொண்டுபோய், உன் நம்பருக்குக் கீழே வைத்து அந்த ஆப்பிலேயே படம் எடுத்து அனுப்புகிறேன். நிறுத்திய வசதியை மறுபடி விட்டதும் இடம் இராஜபாளையம் என்றுதான் வரும். சரியாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து எழுதும் உன் அப்பா,
மு. காசிராஜன்